பெர்கனிலிருந்து அக்காவுக்கு

பெர்கன், நார்வே
மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ, அத்தான், பசங்க, அப்பா எல்லோரும் நலம்தானே? அப்பாவுக்கு முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது?

எப்போது பேசினாலும் லீவு லீவு என்கிறாயே, அங்கே அப்படி என்னதான் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

லீவு ஒன்றும் அதிகமில்லை அக்கா. வருஷத்துக்கு 12 நாள். அதில் 2 எப்போதும் ஞாயிற்றுக்கிழமையே வரும். மற்றதும் சனி ஞாயிறில் விழுந்துவிட்டால் போனது போனதுதான், பதிலுக்கு ஒரு நாள் தர மாட்டார்கள். ஈஸ்டர், மே 1, மே 17, நடுவில் ஏசு பரலோகம் போன வியாழன், அப்புறம் பெந்தெகொஸ்தே திருநாள் என்று எல்லாம் வசந்தத்திலேயே அடுத்தடுத்து வருவதால்தான் உனக்கு அப்படித் தோன்றுகிறது.

நமக்குப் பழக வேண்டியது வேறு ஒன்று. தீபாவளிக்கு முந்தின நாள் சிவகாசி பஜாரில் கால் வைக்க முடியுமா? இங்கே பண்டிகை என்றால் பஜாரே பூட்டிக் கிடக்கும். ஈஸ்டர் சமயத்தில் வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் கடை அடைப்பு. சனிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் திறப்பார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஏதோ புயல் வரப்போவது மாதிரி எல்லோரும் பால், ரொட்டி, முட்டையை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்புறம் ஊரே காலி. வசதி உள்ளவர்கள் மலைமேல் இருக்கும் மரவீட்டுக்குப் போய், பனியில் சறுக்கிவிட்டு, வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்பார்கள். கையில் கட்டாயம் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். ஏசு சிலுவையில் அறையப்பட்ட வாரத்தில் கொலைக் கதை படிப்பது என்ன வழக்கமோ! 1923ல் ஒரு நாவலுக்கான விளம்பரத்தை, பெர்கன் ரயிலில் கொள்ளை நடந்துவிட்டது என்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தி மாதிரியே போட்டார்களாம். பலர் நிஜம் என்று பதறிப்போனார்கள். அதிலிருந்து தொடங்கிய பழக்கம் என்கிறார்கள். இப்போது ஈஸ்டர் வந்தால் பால் பாக்கெட்டில்கூட ஒரு குட்டி மர்மக் கதை அச்சிட்டு வருகிறது. பாப்பா காலையில் பாலைக் குடிக்காமல் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கிறிஸ்துமஸ் 25 அல்ல, 24ஆம் தேதி சாயங்காலம்தான். ஐந்து மணிக்கு எல்லா தேவாலயங்களிலும் மணி அடிப்பார்கள். அதற்குப் பிறகு தெருவில் ஈ காக்கை இருக்காது. போன வருஷம் என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இந்த மேற்குப் பக்கத்தில் அன்றைக்குப் பின்னெஷெத் என்று ஒரு கறி. ஆட்டு விலாவை உப்புப் போட்டுக் காயவைத்து, ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கி, பானையின் அடியில் பிர்ச் மரக் குச்சிகளை அடுக்கி, அதன்மேல் வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். ஒரு துண்டு வாயில் வைத்தேன். சாட்சாத் நம் பாட்டியின் உப்புக்கண்டம்! மிளகாய்தான் இல்லை. சாப்பிட்டதும் கைகோத்து கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாடினார்கள், எங்களையும் இழுத்துவிட்டார்கள். இவருக்கு வார்த்தை தெரியாமல் வாயை மட்டும் அசைத்தார்.

புத்தாண்டைப் பற்றி அப்பாவிடம் மட்டும் சொல், அவர் தொழில் சம்பந்தப்பட்டது. டிசம்பர் 31 சாயங்காலம் 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரைதான் அனுமதி வாங்காமல் பட்டாசு வெடிக்கலாம். குச்சி வைத்த ராக்கெட்டை 2008லேயே தடை செய்துவிட்டார்கள், கண்ணில் பட்டுக் காயம் ஆகிறது என்று.

தெருவுக்கு வந்து கொண்டாடும் நாள் என்றால் மே 17தான். நேற்று முன்தினம்தான் முடிந்தது, இன்னும் கால் வலிக்கிறது. 1814ல் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி அரசியல் சட்டம் எழுதிக் கையெழுத்திட்ட நாள். அதன்பின் 1905 வரை ஸ்வீடன் ராஜாவின் கீழ் இருந்தார்கள், 1940 முதல் 45 வரை ஜெர்மன்காரர்கள் பிடியில் இருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் இந்தக் கொண்டாட்டத்தையே தடை செய்திருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல் கொண்டாடுகிறார்கள். நமக்குக் குடியரசு தினம் என்றால் பீரங்கியும் டாங்கியும் ஞாபகம் வரும். இங்கே ஊர்வலத்தின் நாயகர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒவ்வொரு பள்ளியும் தன் கொடியோடு, பேண்டு வாத்தியத்தோடு, ஹுர்ரா ஹுர்ரா என்று கத்திக்கொண்டு போகும். ஆஸ்லோவில் ராஜா குடும்பத்தோடு அரண்மனை மாடத்தில் மணிக்கணக்கில் நின்று அந்தப் பிள்ளைகளுக்குக் கையசைப்பார்.

பெர்கனுக்கென்று தனியாக ஒன்று உண்டு. பூயெகோர்ப்ஸ் என்று பேட்டைக்கு ஒரு பையன்கள் படை, 1850களில் தொடங்கியது. மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு முரசு அடித்து அணிவகுப்பார்கள். வசந்தம் பிறந்தால் தெருத் தெருவாக ஒத்திகை. எங்கள் மாடி வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் ஆகாது. எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

பெண்கள் பூனாட் என்ற பாரம்பரிய உடையை உடுத்துவார்கள். கம்பளித் துணியில் கை எம்பிராய்டரி போட்டு, ஊருக்கு ஊர் வேறு மாதிரி. மார்பில் குத்தும் வெள்ளிப் பதக்கத்தில் குட்டிக் குட்டித் தட்டுகள் தொங்கி நடக்கும்போது சிணுங்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும், அந்தக் காசுக்கு ஒரு கல்யாணப் பட்டே எடுத்துவிடலாம். நான் நீ கொடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு நின்றேன். பெர்கனில் மழை இல்லாத நாள் ஏது? பாப்பா மூன்று ஐஸ்க்ரீம், இரண்டு சாஸேஜ். அன்றைக்குப் பிள்ளைகள் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாதாம்.

நம் பண்டிகைக்கு லீவு உண்டா என்று நீ கேட்பாய். பட்டியலில் ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லோருக்கும் லீவு. இங்கே 2012ல் சட்டத்தைத் திருத்தி அரசையும் மதத்தையும் பிரித்தார்களே தவிர, லீவுப் பட்டியலைத் தொடவில்லை. பதிலுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். நார்வே தேவாலயத்தைச் சேராதவர்கள் தங்கள் மதப் பண்டிகைக்காக வருஷத்துக்கு 2 நாள் கேட்டு வாங்கலாம். 14 நாள் முன்னால் சொல்ல வேண்டும், அந்த நேரத்தை வேறு நாளில் வேலை பார்த்துக் கழிக்கச் சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு. நான் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எடுத்தேன். பொங்கல் மதப் பண்டிகையா, உழவர் பண்டிகையா என்று இங்கே இலங்கைத் தமிழர்கள் நடத்தும் பிள்ளையார் கோயிலில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, லீவு போய்விடுமே! சரி, லீவு எடுத்து என்ன, தை பிறக்கும்போது இங்கே சூரியன் உதிக்கவே ஒன்பதரை ஆகும். பானை பொங்கி இறக்கி வெகுநேரம் கழித்துத்தான் மேகத்துக்குப் பின்னால் லேசாக வெளுத்தது.

ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. அடுத்த ஊர்வலத்துக்குப் பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைக்கக் கொடு. அளவுக்கு அவளுடைய பழைய கவுன் உன்னிடம் இருக்கிறது, அதைவிட நான்கு விரல் கூட்டிக்கொள். பாவாடையில் டக் பிடித்து வைக்கச் சொல். கை மட்டும் நன்றாகத் தொளதொளவென்று இருக்கட்டும், உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம், பசங்களுக்கு முத்தம்.

உன் அன்புத் தங்கை