மடிப்பிச்சைக் காசும் மலையேற்றச் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை நெருங்கும்போது தங்கள் பத்திரிகையின் சமூகப் பக்கத்தில் ஒரு வகைச் செய்தி அதிகமாக வரத் தொடங்குகிறது. மலையேறியோ, நெடுந்தூரம் ஓடியோ, மிதிவண்டியில் மாகாணம் கடந்தோ, விமானத்திலிருந்து பரசூட்டுடன் குதித்தோ ஒரு நற்பணிக்குக் காசு சேர்க்கப் புறப்படும் நம் பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் அவை. அவற்றை மகிழ்ச்சியோடு வாசிக்கிறேன். என்னால் இயன்றதைக் கொடுத்தும் வருகிறேன். கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், இத்தகைய நடைப்பயணம் ஒன்றின் பயனை நம் ஊரிலேயே கண்டவன் என்பதாலும், இம்முயற்சிகளில் சேரும் காசு எந்த வழியாக எங்கே போகிறது என்பது பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் கிளிமஞ்சாரோ மலையில் ஏறி ஒரு சிறுவர் நலப் பணிக்கு நிதி சேர்க்கப் போவதாக வீட்டுக்கு வந்தார். 5,895 மீற்றர் உயரமான அந்த மலையில் ஏறுவது சிறிய காரியமன்று. பிள்ளையின் துணிவை மெச்சி நூறு டொலர் கொடுத்தேன். பிறகு அவர் விட்டுச்சென்ற படிவத்தைப் பழைய தொழிற்பழக்கத்தால் கடைசி வரி வரை வாசித்தேன். அவர் சேர்க்க வேண்டிய தொகையில் ஏறத்தாழப் பாதி விமானச் சீட்டுக்கும் வழிகாட்டிகளுக்கும் சுமை தூக்குவோருக்கும் கூடாரத்துக்குமாகப் பயண ஏற்பாட்டாளரிடம் போகும் என்பது அங்கே மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. மறுமுறை வந்தபோது கேட்டேன். "மாமா, எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அந்தத் திட்டம் அமைக்கப்பட்டிருந்தது, அவரும் அதை மறைக்க நினைத்தவர் அல்லர். ஆனால் அதே பிள்ளையிடம் கோயில் வாசலில் வைத்து இருபது டொலர் கொடுத்த, ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். தன் காசில் பத்து டொலர் ஒரு விமானச் சீட்டுக்குப் போகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உடலை வருத்துவதும் பிறரிடம் கையேந்துவதும் ஒன்றாகச் சேரும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நேர்த்தி வைத்தவர்கள் வீடு வீடாகச் சென்று மடிப்பிச்சை எடுப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தே வளர்ந்தோம். பெரிய வசதியுள்ள வீட்டுப் பெண்களும் அப்படி மடியேந்தி வருவார்கள். அந்த மடியில் விழுந்தது அரிசியானாலும் சில்லறையானாலும் அப்படியே கோயிலுக்குப் போகும். தன் பேருந்துக் காசையோ ஒரு கோப்பைத் தேநீரின் விலையையோ அதிலிருந்து எடுப்பதை எவரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களும் வழிநெடுகப் பிறர் தரும் தண்ணீரையும் சோற்றையும் ஏற்றுக்கொள்வார்களே அன்றி, கோயிலுக்கென்று ஒருவர் கையில் தந்த காணிக்கையைத் தொடமாட்டார்கள். தனக்குத் தந்தது வேறு, சாமிக்குத் தந்தது வேறு என்ற அந்தப் பிரிப்பைத்தான் இன்றைய சாகச நிதிசேகரிப்பிலும் நான் எதிர்பார்க்கிறேன்.

இந்தப் பிரிப்பை மிகக் கண்டிப்பாகக் காத்தவர் நாம் வாழும் இந்த நாட்டின் பிள்ளையான டெரி ஃபொக்ஸ். அவர் பெயரிலுள்ள ஓட்டத்தை அறியாத தமிழ்க் குடும்பம் கனடாவில் இராது. ஆனால் அவர் காசை எப்படிக் கையாண்டார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. 1977 இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. சிகிச்சை பெற்ற மாதங்களில் தன்னோடு அதே வைத்தியசாலையில் இருந்த சிறுவர்கள் பட்ட வேதனையைப் பார்த்ததும், அந்த நோய் இரண்டொரு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் தான் பிழைத்திருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றும் ஆராய்ச்சிதான் அந்த வாய்ப்பைக் கூட்டியது என்றும் மருத்துவர்கள் சொல்லக் கேட்டதுமே, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கும் எண்ணத்தை அவருக்குத் தந்தன. ஓராண்டுக்கு மேல் பயிற்சி செய்து, ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் ஓடிப் பழகிய பின்னரே அவர் புறப்பட்டார்.

புறப்படுவதற்கு முன்பே செலவுக்கு வேறு வழி தேடினார் என்பது என் போன்ற கணக்காளரின் கண்ணில் முதலில் படும் செய்தி. வாகனமும் எரிபொருளும் சப்பாத்தும் வேண்டுமென்று நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்றார். தங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்தால் தருகிறோம் என்றவர்களை மறுத்தார். நிபந்தனையோடு வந்த நன்கொடைகளையும் ஏற்கவில்லை. தன் ஓட்டத்தால் எவரும் ஆதாயம் பெறக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். நண்பர் ஒருவர் ஓட்டிவந்த வானிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, 1980 ஏப்ரல் 12 ஆம் நாள் சென் ஜோன்ஸ் நகரில் அத்திலாந்திக் கடலில் செயற்கைக் காலை நனைத்துத் தொடங்கிய ஓட்டத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் வீதம் தொடர்ந்தார். நியூஃபவுண்ட்லாந்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழ்ந்த போர்ட்-ஓ-பாஸ்க் என்ற ஊர் அவருக்குப் பத்தாயிரம் டொலர் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கொரு டொலர் என்று அவர் பின்னர் நாடு முழுவதிலும் கேட்டதை அந்தச் சிறிய ஊர் முன்னதாகவே செய்து காட்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் கடந்து, செப்ரெம்பர் 1 ஆம் நாள் தண்டர் பே நகரின் அருகே நின்றபோது புற்றுநோய் அவருடைய நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28 ஆம் நாள், 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் இறந்தார். அதற்கு முன்பே நிதி 2 கோடியே 41 இலட்சம் டொலரைத் தாண்டி, அன்றைய கனடாவின் மக்கள்தொகைக்கு ஆளுக்கொரு டொலர் என்ற கணக்கு நிறைவேறியிருந்தது.

அவர் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. இவ்வளவு சேர்த்தால்தான் வரலாம் என்ற எல்லையும் இல்லை. முதலாவது, இரண்டாவது என்ற பரிசும் இல்லை. நடக்கலாம், ஓடலாம், சக்கரநாற்காலியிலும் வரலாம். இந்த எளிய ஏற்பாட்டின் மூலம் இதுவரை 85 கோடி டொலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. பெருந்தொகை சேர வேண்டுமானால் வெளிநாட்டுப் பயணமும் பளபளப்பான ஏற்பாடுகளும் வேண்டும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் முதல் கணக்கு இதுதான்.

இரண்டாவது கணக்கு என் சொந்த ஊருக்கு உரியது. என் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, இலங்கையின் வடக்கிலிருந்து, கொழும்புக்கு அருகே புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மகரகம வரை இரவுப் பேருந்தில் போய்வந்துதான் சிகிச்சை பெற்றார். மருந்து ஏற்றிய மறுநாள், வாந்தியை அடக்கிக்கொண்டு, ஜன்னலோரம் சாய்ந்தபடி அவர் செய்த அந்தப் பயணங்களை உடன் சென்ற மருமகள் தொலைபேசியில் சொல்லும்போது இங்கே ஸ்காபரோவில் இருந்த எனக்குக் கை நடுங்கும். 2011 ஜூலையில் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாள்களில் நடந்து கடந்தது ஒரு குழு. தமிழரும் சிங்களவரும் கலந்திருந்த அந்தக் குழுவினர் அவ்வாறு திரட்டிய நிதி வடக்கே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைவதற்குத் துணை நின்றது. 2016 இல் அதே பாதையைத் தலைகீழாக்கி, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலியில் உள்ள கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு நிதி சேர்த்தார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 2011 இல், தெற்கிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் உழைப்பு நம் வடக்கின் நோயாளருக்குப் போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. என் அக்காவின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. அவருக்குப் பின்வந்தவர்கள் தெல்லிப்பழைக்குப் போகிறார்கள்.

ஆகவே இத்தகைய முயற்சிகளை நான் எதிர்ப்பவன் அல்லன். ஆனால் துணிவு மட்டும் போதும் என்று நினைப்பது தவறு என்பதற்கு ஸ்கொட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். தேசைட் பகுதியில் இரண்டு பரசூட் நிலையங்களில் ஐந்து ஆண்டுகளில் ஏற்பட்ட காயங்களை அங்குள்ள மருத்துவர்கள் கணக்கெடுத்து 1999 இல் வெளியிட்டார்கள். காயப்பட்ட 174 பேரில் 94 விழுக்காட்டினர் நற்பணிக்காக முதன்முறை குதித்தவர்கள். அவ்வாறு குதித்தவர்களில் 11 விழுக்காட்டினர் காயப்பட்டார்கள். ஒருவர் சேர்த்துக் கொடுத்தது சராசரியாக 30 பவுண்; சேர்ந்த ஒவ்வொரு பவுணுக்கும் அரச வைத்திய சேவைக்கு ஏற்பட்ட செலவு 13.75 பவுண். அந்த நாள்களில் சில மணி நேரப் பயிற்சியோடு தனியாகக் குதித்தார்கள். இன்று பெரும்பாலும் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டித்தான் குதிக்கவிடுகிறார்கள், ஆகவே அந்த எண்களை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கால் முறிந்து கிடப்பவருக்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்தால்தான் அது முழுக்கணக்கு என்பதை அந்த மருத்துவர்கள் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். பதினான்கு மாதம் பழகிவிட்டு ஓடுவதும், ஒரு வார இறுதியில் முடிவெடுத்துக் குதிப்பதும் ஒன்றல்ல.

காசு எந்தக் கையில் போகிறது என்பதும் அதே அளவு முக்கியம். 2020 இல் இங்கிலாந்தில், நூறாவது பிறந்தநாளை எட்டவிருந்த கப்டன் டொம் மூர் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி தன் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து, ஆயிரம் பவுண் சேர்க்க நினைத்த இடத்தில் 3 கோடியே 20 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார். அந்தத் தொகை தேசிய சுகாதார சேவைக்கு உதவும் நிறுவனத்துக்கு நேராகப் போயிற்று; அதில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு அவர் பெயரில் தனியாகத் தொடங்கப்பட்ட அறக்கட்டளையைப் பற்றித்தான் நற்பணி ஆணைக்குழு விசாரணை நடத்தி, குடும்பத்தினர் சிலர் தனிப்பட்ட முறையில் பயனடைந்தார்கள் என்று 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. அந்த முதியவரின் நடையைக் கண்டு கண் கலங்கிக் கொடுத்தவர்கள் அச்செய்தியை எப்படி வாசித்திருப்பார்கள் என்று எண்ணி வருந்தினேன். நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் நடத்தும் நிதிநடைகளில் சேரும் காசு ஒருவரின் தனிக் கணக்குக்குப் போகாமல், பதிவு செய்த அமைப்பின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்று நான் கூட்டங்களில் வற்புறுத்தி, சிலரின் மனத்தாங்கலையும் சம்பாதித்திருக்கிறேன். மீண்டும் வற்புறுத்துவேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய முயற்சி பற்றிய செய்தியை வெளியிடும்போது, பயணச் செலவை யார் ஏற்கிறார் என்பதையும், நிதி எந்த அமைப்பின் கணக்குக்குப் போகிறது என்பதையும் கேட்டறிந்து, செய்தியின் இறுதியில் இரண்டு வரியில் அச்சிடுங்கள். தன் செலவைத் தானே ஏற்பவரின் செய்திக்கு அந்த இரண்டு வரியே பெருமை சேர்க்கும். செலவின் ஒரு பகுதியை நன்கொடையிலிருந்து எடுப்பவரும் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். தெரிந்து கொடுப்பவர் கொடுக்கட்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையிடம் ஆபிரிக்கா போய்வரக் காசு இராது என்பது எனக்கும் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது, ஒன்ராறியோவிலேயே புரூஸ் நடைபாதை இருக்கிறது. நயாகராவிலிருந்து டோபமோரி வரை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளும் அந்தப் பாதையின் ஒரு பகுதியை, தோளில் சுமையோடு, மழையிலும் நுளம்புக்கடியிலும் நடந்து முடித்தால் அதுவும் வணங்கத்தக்க சாகசமே. பேருந்துக் காசோடு அங்கே போய்விடலாம்.

சென்ற செப்ரெம்பரில் என் பேரன் பாடசாலை ஓட்டத்துக்குப் போகும்போது, யாருக்காக ஓடுகிறேன் என்று எழுதி நெஞ்சில் ஒட்டும் தாளில் என் அக்காவின் பெயரை எழுதித் தரும்படி கேட்டான். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். இந்த ஆண்டு அவனோடு நானும் ஐந்து கிலோமீற்றர் நடக்கப் போகிறேன். என் சப்பாத்தை நானே வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.