நிலைக்குழு அறையில் ஒரு நாற்காலி: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் 57 பேருக்கும் வணக்கம்.

ஒரு மசோதா சட்டமாவதற்கு முன்னால், அதனால் பாதிக்கப்படப் போகிறவர்களின் சங்கங்களும் அமைப்புகளும் நாடாளுமன்றத்துக்குள் வந்து உறுப்பினர்களிடம் பேச வழி வேண்டும். அதற்காக நீங்கள் அவையில் வாதாட வேண்டும். பார்வையாளர் மாடத்தில் வாய்மூடி உட்கார்ந்துவிட்டு வர யாரும் உங்களிடம் பாஸ் கேட்கவில்லை. மசோதாவை வரிவரியாகப் பார்க்கும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவின் அறையில் ஒரு நாற்காலி கேட்கிறோம்.

அந்த நாற்காலி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. 2004 டிசம்பரில் தகவல் அறியும் உரிமை மசோதா தாக்கலானபோது அது மத்திய அரசு அலுவலகங்களோடு நின்றது. பஞ்சாயத்துக் கணக்கும் ரேஷன் கடைப் பதிவேடும் அதற்குள் வராது. மசோதாவை ஆராய்ந்த நிலைக்குழுவின் தலைவர், தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போன சுதர்சன நாச்சியப்பன். ராஜஸ்தான் கிராமங்களில் கூலிக் கணக்கைக் காட்டச் சொல்லிப் போராடிய அருணா ராய் போன்றவர்களின் வாதங்களைக் குழு கேட்டது. மாநில அரசுகளையும் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. 2005 சட்டத்தில் அது இடம்பெற்றது. இன்று நம் பேரூராட்சியில் ரோடு போட்ட கணக்கைப் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒருவர் கேட்க முடிகிறதென்றால், அந்த அறையில் நடந்த பேச்சுக்கும் அதில் பங்குண்டு.

அதே சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்யலாம் என்றானது. மசோதாவை ஆராயத் தெரிவுக்குழு என்ற தனிக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன எதிர்க்கட்சிகளின் தீர்மானம் மாநிலங்களவையில் தோற்றது. சட்டத்தைப் பாடுபட்டுக் கொண்டுவந்தவர்களுக்கு, அதை வெட்டும்போது உள்ளே நின்று ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

இது ஒரு சட்டத்தின் கதை மட்டுமல்ல. 15-வது மக்களவைக் காலத்தில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வது மக்களவையில் (2019–24) அது 16 சதவீதம். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் மூன்றும் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அவற்றில் இரண்டை, வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டும், மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். அறைக்குள் கேட்காத விவசாயிகளின் பேச்சை டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் கேட்க வேண்டி வந்தது. வெயிலிலும் குளிரிலும் மனிதர்கள் செத்தார்கள். கடைசியில் 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களை விவாதமே இல்லாமல் திரும்பப் பெற்றார்கள். முன்பே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பித்திருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாதுகாப்பைக் காரணம் சொல்வார்கள். 2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத் தாக்குதலில் உயிர்கள் போனதை யாரும் மறக்கவில்லை. 2023-ல் அதே தேதியில் இரண்டு பேர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்துப் புகைக்குப்பி வீசினார்கள். அவர்கள் ஓர் எம்.பி.யின் பரிந்துரையில் பாஸ் வாங்கி வந்த பார்வையாளர்கள். குழுவின் முன் சாட்சி சொல்ல வருகிறவரோ பெயர், ஊர், அமைப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வருகிறவர். அவரைச் சோதிக்கட்டும், தாராளமாகச் சோதிக்கட்டும். வாசலிலேயே நிறுத்த அது காரணமாகாது.

உள்ளே விட்டால் பணக்காரர்கள்தான் முதலில் நுழைவார்கள் என்ற பயம் நியாயமானது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களுக்குக் கத்தார் லஞ்சம் கொடுத்ததாக 2022-ல் வெடித்த விவகாரத்தில் ஓர் அரசு சாரா அமைப்பின் பெயரும் அடிபட்டது. அதற்காக அவர்கள் எல்லோருக்கும் கதவைச் சாத்திவிடவில்லை. யார் வருகிறார்கள், எந்த உறுப்பினரைச் சந்திக்கிறார்கள் என்று பதிவு செய்யும் விதிகளை இறுக்கினார்கள். நமக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும். இப்போது பெரிய தொழில் கூட்டமைப்புகள் யாரைச் சந்திக்கின்றன என்பதும் அதில் தெரியவரும்.

சட்டம் போடும்போது மக்களைக் கலந்துபேச வேண்டும் என்பது தென்னாப்பிரிக்காவில் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மக்களைச் சரியாகக் கலந்துபேசாமல் நிறைவேற்றினார்கள் என்பதற்காகவே 2006-ல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் சட்டங்களைச் செல்லாது என்றது. நம்மிடம் இருப்பது 2014-ல் வந்த ஒரு கொள்கை. மசோதாவின் வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. மீறினால் கேட்க நாதியில்லை.

உங்கள் கட்சிகளிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாள் கழித்துத் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். திரும்பப் பெற்றது நல்லது. அந்தப் பேச்சுவார்த்தை ஏப்ரல் 21-க்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். டெல்லியில் நீங்கள் கேட்கும் நியாயம் சென்னைக் கோட்டையிலும் நடக்க வேண்டாமா?

சபாநாயகர் மனம் வைக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே செய்யக்கூடியவை உண்டு. உங்களில் பலர் நிலைக்குழுக்களில் இருக்கிறீர்கள். ஒரு மசோதா உங்கள் குழுவுக்கு வந்தால், அதில் மாட்டப்போகும் தமிழ்நாட்டுச் சங்கங்களின் பெயர்களைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கருத்துக் கேட்கும் அறிவிப்பை உங்கள் தொகுதியில் தமிழில் வெளியிடுங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி தன் மனுவைத் தமிழில் எழுதித் தந்தால் அதை மொழிபெயர்த்துக் குழுவிடம் சேர்ப்பது உங்கள் அலுவலகத்தின் வேலையாக இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் எந்தெந்த அமைப்பை, எந்த நிறுவனத்தைச் சந்தித்தீர்கள் என்று பட்டியல் போடுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர்