அந்தப் படத்தில் நான் எங்கே பார்க்கிறேன் என்றால்

அன்புள்ள கண்ணா,

படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லைக்கோட்டைத் தாண்டுகிற நேரத்தில் கேமராவைப் பார்க்காமல் எங்கேம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டாயே, போனில் சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

50 வயது நிறைகிற மாதத்தில் ஒரு அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர் சொச்சம், ஓடிவிட வேண்டும் என்று ஐந்து மாதமாகப் பயிற்சி எடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் முட்டி என்ன ஆவது என்று ஆரம்பிப்பாய். அப்பாவும் இதில் உடந்தை, அவரிடம் தனியாகச் சண்டை போட்டுக்கொள்.

தப்பு தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. பயிற்சியில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம் எடுக்கிறவள், கூட்டம் கிளம்பிய வேகத்தில் எட்டு நிமிடத்தில் பறக்கிறேன், ஓரத்தில் நிற்கிறவர்கள் கை தட்டுகிறார்கள் வேறு, கேட்கவேண்டுமா. பத்துவரை ராணி மாதிரி இருந்தேன். பதினைந்தில் கால் கல்லாகிவிட்டது. பதினெட்டாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இடது கெண்டைக்காலில் சதை பிடித்து இழுத்தது பார், அப்படியே சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி சுற்றி வந்துகொண்டே இருக்கும். அது என் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், பாவம், அவள் வேலை அது. நானும் ஏறத்தான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவமானமாகக்கூட இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் பதக்கம். அதாவது ஓட்டத்தை எப்போதோ முடித்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்து வந்திருக்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் 42 நிமிஷம் இருக்கு. நடந்தாலே போயிடலாம்" என்றார். (ஆன்ட்டி என்று கூப்பிடாததற்கே அந்தத் தம்பிக்கு ஒரு கும்பிடு.) மூன்றரை மணி நேரம்தான் கெடு. காலை நீட்டி, விரல்களைப் பிடித்து என் பக்கமாக இழுத்துக்கொண்டு முப்பதுவரை எண்ணச் சொன்னார். மூன்று தடவை. பிடிப்பு விட்டது. வண்டி போய்விட்டது.

எழுந்ததும் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிடிக்க மாட்டேன் அக்கா. பிடிச்சா இது உங்க ஓட்டமா இருக்காது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உதவ வந்தவன் கை கொடுக்க மாட்டானாம், இது என்ன உதவி?

அப்புறம் நடக்க நடக்க ஒரு கதை சொன்னார். 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் டொராண்டோ பியட்ரி என்ற இத்தாலிக்காரர் முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தாராம். வந்தவர் களைப்பில் திசை தெரியாமல் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறார். விழுந்தார், எழுப்பினார்கள், மறுபடி விழுந்தார். கடைசியில் அதிகாரிகள் தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். பின்னால் வந்த அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸ் தரப்பு ஆட்சேபித்தது, உதவி பெற்றார் என்று பியட்ரியின் வெற்றி செல்லாமல் போனது, தங்கம் ஹேய்ஸுக்குப் போய்விட்டது. மறுநாள் ராணி அலெக்சாண்ட்ரா பியட்ரிக்கு ஒரு கோப்பை கொடுத்தாராம்.

என்னால் அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல முடியவில்லை, கண்ணா. கண்ணெதிரே ஒருவன் விழுந்தால் கை தானாக நீளும். நானாக இருந்தால் அவர் தள்ளாடும்போதே தூக்கியிருப்பேன். உனக்குத்தான் தெரியுமே, உன் பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டில் அத்தனை படமும் நான் வரைந்ததுதானே.

அந்தத் தம்பி பொய்யும் சொன்னார். "இதோ அந்த வளைவு திரும்பினா முடிஞ்சுது" என்று நான்கு வளைவுகளுக்குச் சொன்னார். முப்பது அடி ஓட்டம், அறுபது அடி நடை என்று எண்ணிக்கொண்டே வந்தார், நான் எண்ணிக்கையைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாராவது நண்பரைத் தேடி வந்தீர்களா என்று கேட்டதற்கு, "இல்லக்கா, முடிச்ச உடனே உட்கார்ந்தா காலு இறுகிடும், நடக்கணும். எந்தப் பக்கம் நடந்தா என்ன?" என்றார். அவ்வளவுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது. பனியனில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அவ்வளவு தூரமும் நடந்தேன், இப்போது யோசித்தால் ஒரு இலக்கம்கூட நினைவில் இல்லை.

ஆமாம், 21 கிலோமீட்டரோடு முடிகிற சமாசாரம் இல்லை இது. அதே 1908-ல் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடித்த 42.195 கிலோமீட்டரைத்தான் 1921-ல் முழு மாரத்தானுக்கு நிலையான தூரமாக வைத்தார்களாம். அதில் பாதி 21.0975. அந்தக் கடைசி 97 மீட்டர் சொச்சத்துக்கு அரச குடும்பத்தை நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமுடியாது.

கோடு தெரிந்ததும் தம்பி நின்றுவிட்டார். எண் அட்டையில் ஒட்டியிருக்கிற சிப்பை அங்கே தரையில் விரித்திருக்கும் பாய் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். "நான் மறுபடி மிதிச்சா கணக்கு குழம்பும், நீங்க போங்க" என்று இடது பக்கமாக ஒதுங்கினார். நான் போனேன். மூன்று மணி 27 நிமிடம்.

கோட்டைத் தாண்டும்போது அவர் கை தட்டுகிறாரா என்று இடது பக்கம் திரும்பினேன், படம் எடுத்தது அந்த நொடியில்தான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியே மறுபடி நடந்துகொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் வரவேண்டியிருந்தது.

அன்புடன்,
அம்மா