ஸ்கேனுக்கு முன்னாடி காலை தொட்டு பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம். முட்டி வலின்னு போனா ஆளை நடக்க விட்டு கூட பாக்காம எம்ஆர்ஐ எழுதி குடுத்துடறாங்க. எங்கம்மாவுக்கும் அதான் நடந்துச்சு, முட்டில ஸ்கேன் எடுத்தா பெருசா ஒண்ணும் இல்ல, அப்புறம் ஒரு பிசியோதெரபி மேடம் படுக்க வெச்சு காலை மடக்கி தொடையை லேசா திருப்புனதும் அம்மா ஐயோன்னு கத்திட்டாங்க, கோளாறு இடுப்பு மூட்டுல! இடுப்பு தேஞ்சாலும் வலி முட்டில தெரியுமாம். வீக்கம், சூடு இருக்கான்னு தொட்டு பாக்கறது, நல்லா இருக்கற காலோட ஒப்பிடறது, தசை பலத்துக்கு 0லேருந்து 5 வரை மார்க் போடறது, இதுக்கெல்லாம் மெஷினே வேணாம். அரசு ஆஸ்பத்திரி ஓபில டாக்டருங்களுக்கு நேரமில்லன்னு எங்களுக்கும் தெரியும், அதனாலதான் கேக்கறோம், எலும்பு மூட்டு ஓபில ஒரு பிசியோதெரபிஸ்டை உக்கார வைங்க, முதல்ல அவங்க பாக்கட்டும்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்