விதைக்கும் முன்பே வரியைச் சொல்லிவிடுங்கள்

இந்திய அரசின் வணிக அமைச்சகத்துக்கும் நிதி அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

போளூர் பக்கம் மூன்று ஏக்கரில் மல்லாட்டை போடுகிறவன் எழுதுகிறேன். உங்கள் கோப்புகளில் நிலக்கடலை என்று இருக்கும். மணிலாக்கொட்டை என்ற பெயர் எங்கள் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. பெயரே கப்பலில் வந்ததுதான். ஒரு காலத்தில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. அதனால் வெளிநாட்டு வியாபாரம் என்றாலே எங்களுக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். என் வழக்கு வேறு.

2024 செப்டம்பர் 14 அன்று கச்சா சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை, செஸ் எல்லாம் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஏற்றினீர்கள். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா, குவிண்டாலுக்கு ஆதரவு விலையான 4,892 ரூபாய்க்குக் கீழே போய்க்கொண்டிருந்த நேரம் அது. வெளிநாட்டு எண்ணெய் விலை ஏறினால் எங்கள் கடலைக்கும் விலை கிடைக்கும் என்று எங்களுக்கும் காது குளிர்ந்தது. அடுத்த மே மாதக் கடைசியில், ஆடிப் பட்டத்துக்கு நாங்கள் விதைக்காயை இறக்கி வைத்திருந்தபோது, அதே வரியை 16.5 ஆக்கினீர்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

வரியைக் குறைத்ததே தப்பு என்று சொல்ல வரவில்லை. சமையல் எண்ணெய் விலை ஏறினால் என் வீட்டிலும்தான் வலிக்கும். நேரத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எங்கள் பக்கம் விதைப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு வேண்டும். மெஷினில் உடைத்தால் முளை அடிபடும் என்பதால் விதைக்காயைக் கையால்தான் உடைப்போம். ஆனி மாதம் முழுக்க எங்கள் தெருத் திண்ணைகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் கட்டைவிரல் நுனி தோலுரிந்திருக்கும். மழை பெய்ததும் விதைப்பு, அப்புறம் களை, நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைப்பு. நூற்றைந்து நாளில் செடியைப் பிடுங்கிக் காய் ஆய்ந்து, காயவைத்து, மூட்டை கட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே சொல்லும் விலைதான் விலை. விதை மண்ணுக்குள் போன பிறகு, நீங்கள் வரியை மாற்றினாலும் என்னால் திருப்பி எடுக்க முடியாது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. காலையில் அறிவிப்பு வந்தால் மதியத்துக்குள் கணக்கை மாற்றிவிடுவார், அடுத்த கப்பலைத் தள்ளிப்போடுவார். ஒரே வரிதான், ஆனால் அவர் கையிலிருப்பது சரக்கு, என் கையிலிருப்பது பயிர்.

இது நேற்று வந்த கதை இல்லை. 1986இல் எண்ணெய்வித்துக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியபோது நாட்டின் எண்ணெய்வித்து விளைச்சல் சுமார் 1.1 கோடி டன். 1993-94இல் அது 2.15 கோடி டன். வெளிநாட்டு எண்ணெயே அநேகமாகத் தேவைப்படாத நிலை. இதைச் சாதித்தது யாரோ இல்லை, இந்த அரசும் இந்த விவசாயிகளும்தான். அடுத்த ஆண்டே பாமோலின், அதாவது சுத்திகரித்த பாமாயில், இறக்குமதியை 65 சதவீத வரியோடு தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். நாலே வருடத்தில் அந்த வரி 15 சதவீதத்துக்கு வந்தது. இன்றைக்கு நாடு சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. தமிழ்நாட்டில் கடலை போட்ட நிலம் அன்று இருந்ததில் பாதிகூட இல்லை. மழையும் ஆள் கூலியும் காட்டுப்பன்றியும் அதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. விலையும் காரணம்.

உலக வர்த்தக அமைப்பு கையைக் கட்டிவிட்டது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பாமாயில் விஷயத்தில் அது பொருந்தாது. அங்கே நாம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 300 சதவீதம். சோயா எண்ணெய்க்குத்தான் 45. ஆக, கட்டு அவிழ்ந்துதான் இருக்கிறது, ஏற்றுவதும் இறக்குவதும் டெல்லி எடுக்கிற முடிவு. ஹைட்டி மாதிரிச் சின்ன நாட்டுக்கு அந்த வசதிகூட இருக்கவில்லை. 1990களில் வெளி நெருக்கடியில் அரிசி வரியை 3 சதவீதமாக்கினார்கள். அமெரிக்க அரிசி வந்து குவிந்து உள்ளூர் நெல் விவசாயம் நொடித்தது. அந்த நெருக்கடியைக் கொடுத்த அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனே 2010இல் அந்நாட்டு செனட் குழு முன்பு அது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன, நெல் போட்டவர்கள் அதற்குள் நிலத்தை விட்டுப் போயிருந்தார்கள்.

அந்நிய முதலீடு வந்தால் விவசாயிக்கும் வழி பிறக்கும் என்று சொல்லப்பட்டது. வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 1999இல் சிங்கப்பூரின் வில்மர், அதானி குழுமத்தோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கியது, குஜராத் கடலோரத்து முந்த்ராவில் ஆலை எழுந்தது. கார்கில், பங்கே போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் எல்லாம் இங்கே எண்ணெய் வியாபாரத்தில் இருக்கிறார்கள். பெரிய சுத்திகரிப்பு ஆலைகளின் வரைபடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் கடலோரமாகவே நிற்கும். மூலப்பொருள் கப்பலில் வரும்போது போளூருக்கு வந்து ஆலை கட்ட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? வரி எந்தப் பக்கம் கை காட்டியதோ அந்தப் பக்கம் பணம் போனது. 2025 மே அறிவிப்பில் கச்சா எண்ணெய்க்கு 16.5, சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 என்று இடைவெளியை அகலமாக்கினீர்கள். உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னீர்கள். ஆலை உள்நாடுதான், சரி. அது சுத்திகரிப்பது இந்தோனேசியாவின் எண்ணெயை. எங்கள் ஊரில் இருந்த மூன்று செக்கில் இரண்டு மூடியாகிவிட்டது. மிச்சமிருப்பதும் நகரத்திலிருந்து காரில் வந்து மரச்செக்கு எண்ணெய் கேட்பவர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ பருப்பு வேண்டும், அந்த விலையை எல்லோராலும் கொடுக்க முடியாது.

எங்களாலும் முடியாது. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டில்தான் என் வீட்டு வடை வேகிறது. மல்லாட்டை விளைகிற வீடு! சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்தப் பாக்கெட்டை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியதே, அந்த மூன்றரை வாரம் மளிகைக்கடையில் நின்றவர்களுக்குத் தெரியும், மலிவு எண்ணெய் யார் கையில் இருக்கிறது என்று. அப்போது அவசரமாக மல்லாட்டை போடச் சொன்னால் நூற்றைந்து நாள் காத்திருக்க வேண்டும்.

கதவில் இன்னும் சில இடுக்குகள் உண்டு. செம்பனை மரமே இல்லாத நேபாளத்திலிருந்து தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டாவின் பெயரில் வரியில்லாமல் பாமாயில் வந்த கூத்தை நீங்களே பார்த்தீர்கள். அமெரிக்காவோடு நடந்த வர்த்தகப் பேச்சிலும் சோயா எண்ணெயின் பெயர் அடிபட்டது. இப்படிப்பட்ட பேச்சுகளில் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பு சொல்லுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எண்ணெய் வரியை வைகாசிக்குள் அறிவியுங்கள், ஐப்பசி அறுவடை முடியும்வரை அதைத் தொடாதீர்கள். கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பயிர் செய்கிற இறவைக்காரர்கள் விதைக்கும் முன்பு இன்னொரு முறை அறிவியுங்கள். உலகச் சந்தையில் விலை எகிறினால், எந்த அளவைத் தாண்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். இறக்குமதி எண்ணெயின் அடிப்படை மதிப்பைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் திருத்தி வெளியிடுகிற உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

வரி குறைவாக இருக்கும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டுக்கொள்கிறேன், பொண்டாட்டி நகையாவது வங்கிக்குப் போகாமல் இருக்கும். விதைக்காய் மூட்டை வீட்டு மூலையில் இருக்கிறது. ஆனி பிறந்ததும் உடைக்க ஆள் கூப்பிட வேண்டும், எத்தனை மூட்டைக்கு என்று இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மல்லாட்டை விவசாயி,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்