முட்டத்தில் கரை ஒதுங்கிய ஆலாவைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் கடந்த வியாழனன்று ‘கடல் சீற்றத்தில் கரை ஒதுங்கிய மர்மப் பறவை’ என்ற தலைப்பில் வெளியான செய்தியைப் படித்தேன். அதன் கடைசி வாக்கியத்தில், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், பொழுதுபோகாத சிலர் பைனாகுலருடன் நின்று பறவைகளை வேடிக்கை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் இதழை விடாமல் வாங்கிப் படித்துவரும் எனக்கு, அந்த ஒரு வாக்கியம் இந்த வாரம் முழுவதும் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் நாங்கள் நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவணி பிறந்த அந்த வாரத்தில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசும் என்ற அறிவிப்பை நாங்களும் தங்கள் இதழில்தான் படித்தோம். ஆகவே எவரும் மணலில் கால் வைக்கவில்லை. முட்டம் துறைமுகத்தை ஒட்டிய மீன் ஏலக்கூடத்துத் திண்ணையில், அங்கிருந்தவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சுவரோரமாக நான்கு பேர் நின்றோம். தொலைநோக்கியின் கண்ணாடியில் உப்புத் தூவானம் படிந்துகொண்டே இருந்ததால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் குடை பிடிக்க மற்றவர் துடைத்துக்கொண்டிருந்தோம். தங்கள் செய்தியாளர் ஒன்பதரை மணியளவில் வந்து, படம் எடுத்துக்கொண்டு, எங்களைக் கடந்துதான் திரும்பிப் போனார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பறவையின் பெயரை நாங்களே எழுதிக் கொடுத்திருப்போம்.

அது மர்மப் பறவை அல்ல. நீர்மேல் பறந்து மீன் பிடிக்கும் ஆலாக்களில் ஒரு வகை; ஆங்கிலத்தில் சூட்டி டெர்ன் என்பார்கள். மணக்குடிக் காயலில் நாம் அன்றாடம் காணும் ஆலாக்களுக்கு முதுகு சாம்பல் நிறம். இதற்கோ முதுகும் இறக்கையும் அடுப்புக்கரி போலக் கறுத்திருக்க, அடிப்பாகம் முழுவதும் தூய வெள்ளை. நெற்றியில் உள்ள வெள்ளை கண்ணோடு நின்றுவிட்டிருந்தது. அந்த வெள்ளை கண்ணைத் தாண்டி மெல்லிய புருவம் போலப் பின்னோக்கி நீண்டு, முதுகும் பழுப்பேறி இருந்திருந்தால், அது மகாராஷ்டிரக் கடலோரத்து வெங்குர்லா பாறைத் தீவுகளில் கூடு கட்டும் பிரைடில்டு டெர்ன் என்ற வேறொரு ஆலாவாக இருந்திருக்கும். இந்த ஒரு விரற்கடை வேறுபாட்டைக் கண்ணால் காணத்தான் காற்றிலும் மழையிலும் நிற்கிறோம்.

சூட்டி டெர்ன் கரையை நாடி வரும் பறவை அல்ல. முட்டையிடும் காலத்தில் மட்டும் லட்சத்தீவில் கவரத்தியை அடுத்த பிட்டி போன்ற, ஒரு செடிகூட இல்லாத திட்டுகளுக்கு வரும். மற்ற நாளெல்லாம் நடுக்கடல்தான் அதற்கு வீடு. கூட்டை விட்டுப் பறந்த குஞ்சு பல ஆண்டுகளுக்குத் தரையைத் தொடாமலே வானில் கழிக்கும். கடற்பறவையே ஆனாலும் அதன் இறகு நீரில் எளிதில் ஊறிவிடும் என்பதால் தண்ணீரில் மிதந்து இளைப்பாறவும் அதனால் முடியாது. தொடர்ந்து பல நாள்கள் காற்று ஓயாமல் அடித்து, அலை புரண்டு மேல்மட்டத்து மீன் கண்ணில் படாமல் போகும்போது, பசியும் களைப்புமாக அது காற்றின் போக்கிலேயே கரைக்கு அடித்து வரப்படுகிறது. பிட்டியிலிருந்து முட்டம் 500 கிலோமீட்டருக்கும் மேல்.

தங்கள் படத்தில் இரு சிறுவர்கள் அதன் இறக்கைகளை இருபுறமும் விரித்துப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். இரக்கப்பட்டு மூன்று முறை அதைக் கடலில் விட்டதாகவும், மூன்று முறையும் அலை திருப்பிக் கொண்டுவந்ததாகவும் அவர்களே என்னிடம் சொன்னார்கள். வாயில் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். படம் எடுத்து முடிந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. துண்டில் பொதிந்து எடுத்தபோது மார்பெலும்பு கத்தி விளிம்பு போல விரலில் இடறியது. சதை என்று ஒன்றுமே இல்லை. அட்டைப்பெட்டியில் துளையிட்டு, துணி விரித்து, இருட்டாக வைத்திருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு இறந்துவிட்டது. பட்டினியால் இறந்த அந்த உயிரைப் பற்றித் தாங்கள் எழுப்பிய கேள்வி, ‘பறவைக் காய்ச்சலா?’ என்பது.

அந்தக் கேள்விக்குறி என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை மணக்குடிப் பாலத்தருகே, காயல் திட்டில் அடைந்திருந்த ஆலாக்களையும், சேற்றில் இரை தேடும் உள்ளான்களையும் விரட்ட யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். கேட்டபோது, பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்றார்கள். இறந்த பறவையை வெறுங்கையால் தொடக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தால் அது பயனுள்ள எச்சரிக்கையாக இருந்திருக்கும். எந்தச் சோதனையும் நடக்காத நிலையில் நோயின் பெயரைத் தலைப்புக்குக் கீழே போட்டது நியாயமா என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

விரட்டப்பட்ட அந்த உள்ளான்கள் எப்படிப்பட்ட பயணத்தை முடித்து வந்திருந்தன தெரியுமா? ஆகஸ்டில் இங்கே வந்து இறங்கும் கர்லியூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானின் வயிற்றில், சைபீரியாவின் வடகோடியில் இணைசேர்ந்த காலத்துச் செங்கல் நிறம் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும்; இன்னும் சில வாரங்களில் அதுவும் உதிர்ந்து வெளுத்துவிடும். முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் வழிகாட்ட யாருமின்றிப் பின்னால் தாமாகவே வந்து சேரும். அப்படி வந்து இறங்கிய சேற்றில்தான் பட்டாசு வெடித்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இதே செங்கல் நிறப் பறவையை நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் படமெடுத்து, விளக்கமும் எழுதித் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அது வெளியாகவில்லை, பதிலும் வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்த ஆண்டே, கூந்தன்குளத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பறவைகள் வந்துவிட்டன என்று அரைப்பக்கச் செய்தி போட்டு, கூழைக்கடாவின் படத்தையும் சங்குவளை நாரையின் படத்தையும் அச்சிட்டீர்கள். இரண்டும் நம் நாட்டுப் பறவைகள். அந்த ஊர் மக்கள் தம் வீட்டு மரங்களிலேயே அவற்றைக் கூடு கட்டவிட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய அஞ்சலட்டையும் அச்சேறவில்லை.

வேடிக்கை என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் கடலில் கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரத்தில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்பதை அறிய நமக்குள்ள வழிகள் மிகக் குறைவு. கப்பலில் போய் எண்ணுகிறவர்கள் ஒரு சிலரே. ஆடி, ஆவணிக் காற்றில் நாலைந்து நாள்கள் மட்டும் அந்தப் பறவைகள் கரைக்கு அருகே வருகின்றன. அன்று காலை எட்டு மணிக்கு, கடலலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுக்கு அப்பால், தகைவிலானைவிடச் சற்றே பெரிய கரும்பறவை ஒன்று அலையின் பள்ளத்தில் கால்களால் நீரைத் தட்டித் தட்டி நடப்பதுபோல் பறந்தது. அது தென்துருவப் பகுதியில் அன்டார்டிகாவில் பிறந்து, அங்குக் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் நம் பக்கத்துக் கடலுக்கு வரும் வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரல். ஒரு கணம் எதிர்க்காற்றில் அது நின்றபோது, கறுத்த கால்விரல்களுக்கு இடையே மஞ்சள் சவ்வு தெரிந்தது. முப்பது ஆண்டுகளில் கரையில் நின்றபடி நான் அந்த மஞ்சளைப் பார்த்தது அதுவே முதல் முறை. நேரம், காற்றின் திசை, எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்து, அன்றிரவே, பறவை பார்ப்போர் தம் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிவும் செய்தோம்.

இதைப் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று மீனவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆலாக்கள் கூட்டமாகச் சுழன்று இறங்கும் இடத்தில் அடியே சூரை மீன் இரையை மேலே துரத்துகிறது என்பதை எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் தூத்தூரில் ஆழ்கடல் தொழிலுக்குப் போய்வந்த ஒரு பெரியவர்தான். ஏலக்கூடத்தில் அன்று எங்களுக்குத் தேநீர் கொடுத்தவர்களும் மீனவர்களே. காற்றினால் தொழிலுக்குப் போக முடியாமல் அவர்கள் தவித்திருந்த நாளில், நாங்கள் அதைப் பொருட்படுத்தாமல் நின்றதுபோல ஒரு தோற்றத்தைத் தங்கள் வாக்கியம் உண்டாக்கியதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நான் வேண்டுவது அதிகமில்லை. அந்தப் பறவை சூட்டி டெர்ன் என்ற ஆலா, அதற்கு நோய் இருந்ததாக எவ்விதச் சான்றும் இல்லை என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனிப் பலத்த காற்று எச்சரிக்கையை வெளியிடும்போது அதன் அடியில், கரை ஒதுங்கும் கடற்பறவையைத் திரும்பக் கடலில் விடவோ, வாயில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம், துணியால் எடுத்து இருட்டான அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தெரிவிக்கவும் என்று எழுதி, மாவட்ட வன அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். நான்கு வரி போதும்.

செப்டம்பர் முடிவதற்குள் இன்னொரு முறை காற்று வலுக்கும். அன்றைக்கும் அதே திண்ணையில்தான் இருப்போம். தங்கள் செய்தியாளரை ஆறரை மணிக்கே வரச் சொல்லுங்கள். தொலைநோக்கியை அவரிடம் முதலில் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.