ஞாயிறு குளத்து மிதக்கும் களைச்செடிக் கணக்கெடுப்பு: வருவோர் கவனத்துக்கு

காலை 6:30-க்கே கரையில் இருங்கள். வெயில் ஏறக் காற்றும் கிளம்பி, மிதக்கும் செடிகளை ஒரே பக்கம் ஒதுக்கிவிடும். அங்கே மட்டும் அளந்தால் கணக்கு கன்னாபின்னாவென்று வரும். ஆகவே நான்கு கரையிலும் 10 மீட்டருக்கு ஒருமுறை அளவுச் சதுரத்தை நீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் செடிகளை அளக்கவும். இந்த 1 மீட்டர் பிவிசி குழாய்ச் சதுரத்தின் மூட்டுகளைப் பசையிட்டு அடையுங்கள், தண்ணீர் புகுந்தால் மூழ்கும்.

வெங்காயத்தாமரை நெருக்கமாக வளர்ந்த இடத்தில் காம்பு உப்பாமல் நீண்டிருக்கும். குமிழைத் தேடி ஏமாறாதீர்கள். சால்வினியா என்ற மிதக்கும் பெரணியின் இலைமயிரை லென்ஸில் பாருங்கள்: நுனிகள் ஒன்றுகூடிக் கூண்டுபோல் இருந்தால் மொலஸ்டா வகை.

எடை போடுமுன் 5 நிமிடம் நீர் வடியட்டும். பிடுங்கியதை வாய்க்காலில் வீசவே கூடாது. துண்டு போதும், அடுத்த குளமும் போச்சு. வலை, செருப்பை அலசிக் காயவைக்கவும். முழங்காலுக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம்.